அவனா, அவளா, உருவமா? கரீபியப் பெண்களின் குற்றப்புனைவில் எதைத் தமிழாக்குவது

தமிழில் துப்பறியும் கதை எழுதுபவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. நள்ளிரவு. கதவு மெல்லத் திறக்கிறது. கத்தியோடு உள்ளே நுழைவது ஆணா பெண்ணா என்று இப்போதே சொல்லிவிடக் கூடாது. வினைமுற்று விட்டால்தானே? நுழைந்தான் என்றால் பாதி சந்தேகம் தீர்ந்தது, நுழைந்தாள் என்றால் மீதியும் தீர்ந்தது. அதனால்தான் மாத நாவல்காரர்கள் ‘உருவம்’ என்ற சொல்லைக் கைவசம் வைத்திருந்தார்கள். அந்தக் கறுப்பு உருவம் நகர்ந்தது, குனிந்தது, கத்தியை ஓங்கியது. அஃறிணையில் தள்ளிவிட்டால் ஆண்பால் பெண்பால் தொல்லை இல்லை. கடைசி அத்தியாயத்தில் முகமூடி கழன்றதும் உருவத்துக்கு உயர்திணை திரும்பக் கிடைக்கும்.

இந்த உருவம்தான் சில மாதங்களாக என்னைப் படுத்துகிறது. பகலில் வேறு வேலை, மொழிபெயர்ப்பு இரவில்தான். முந்நூறு பக்க நாவல் என்றால் எனக்கு ஒன்றரை வருடம் போய்விடும். எனவே ஒன்றைத்தான் எடுக்க முடியும். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த பெண்கள் எழுதிய குற்றக் கதைகள், அல்லது குற்றத்தை நடுவில் வைத்த நாவல்கள், ஐந்து என் மேசைமேல் கிடக்கின்றன. எது நல்ல நாவல் என்பதில் பெரிய குழப்பமில்லை. ஒரு பிணம் விழுந்ததும் அந்த ஊரில் யார் பெண், யார் ஆண், யார் இந்தியர், யார் கறுப்பர் என்பதெல்லாம் எப்படிக் கலைந்து வெளியே வருகிறது, அதைத் தமிழ் தாங்குமா என்பதுதான் என் கவலை.

முதலிலேயே சிலவற்றைக் கழித்துவிட்டேன். புவேர்ட்டோ ரிக்கோவின் அனா லிதியா வேகாவும் மைரா சாந்தோஸ்-ஃபெப்ரஸும் ஸ்பானிஷில் எழுதுபவர்கள். அந்த மொழி எனக்குத் தெரியாது. ஊருக்கொன்றாக வரும் ‘நொய்ர்’ என்ற இருண்ட குற்றக் கதைத் தொகுப்புகள் ஆசை காட்டின. ஹவானா தொகுப்பை ஆச்சி ஓபெஹாஸ், டிரினிடாட் தொகுப்பை லிசா ஆலன்-அகோஸ்டினியும் ஜீன் மேசனும், ஹெய்ட்டி தொகுப்பை எட்விட்ஜ் டாண்டிகா, சான் ஹுவான் தொகுப்பை சாந்தோஸ்-ஃபெப்ரஸ் என்று பெரும்பாலும் பெண்களே தொகுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தொகுப்பு என்றால் பதினைந்து இருபது பேரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அந்த வேலையிலேயே ஒன்றரை வருடம் ஓடிவிடும்.

மோனிக் ரோஃபியின் ‘பேஷன்டைட்’ (2024) என்ற நாவலையும் தயக்கத்தோடு ஒதுக்கினேன். 2016இல் டிரினிடாடில் கார்னிவல் முடிந்த மறுநாள், ஸ்டீல்பேன் என்ற எஃகு மேளம் வாசிக்க வந்திருந்த ஒரு ஜப்பானியப் பெண் கொல்லப்பட்டுக் கிடந்தார். தலைநகர மேயர் பெண்களின் உடையையும் நடத்தையையும் பற்றிப் பேசினார். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மேயர் பதவி விலகினார். நாவல் அதை ஒரு கற்பனைத் தீவுக்கு நகர்த்தி, பெண்களின் கிளர்ச்சியாக விரிக்கிறது. கோபம் நியாயமானது. எனக்கென்னவோ, அந்தக் கோபத்துக்கு முன்னால் பாத்திரங்கள் கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டதாகத் தோன்றியது.

எஞ்சியவற்றில் விற்பது சுலபம் என்றால் ஜிலியன் ராய்ஸ் எழுதியவைதான். ஜமைக்காவின் ஒரு மீனவக் கிராமம், லார்கோ பே. அங்கே மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் ஷாட் மையர்ஸ்தான் ஊரின் அறிவிக்கப்படாத துப்பறிவாளர். 2011 முதல் 2015 வரை நான்கு நாவல்கள். முதல் நாவலில், கரைக்கு அப்பால் பாழடைந்த ஹோட்டல் நிற்கும் குட்டித்தீவில் ஏதோ அசைகிறது. ஆடு என்று நினைத்தால் அது தனியாக வாழவந்த ஒரு பெண். எனக்குப் பிடித்தது இரண்டாவது நாவல். மதுக்கடை முதலாளியின் மகன் ஊருக்கு வருகிறான், அவன் தன்பால் ஈர்ப்புள்ளவன் என்று பேச்சு கிளம்புகிறது, ஊர் முறுக்கிக்கொள்கிறது. ஜமைக்காவில் அந்தப் பேச்சு வெறும் வம்பல்ல. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு பின்னால் நிற்கிறது. நம்முடைய பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 377ஆம் பிரிவுக்கு அது உடன்பிறப்பு மாதிரி. இரண்டும் நான்கு வருட இடைவெளியில் ஒரே பேரரசு எழுதிக் கொடுத்தவை.

ஆனாலும் கதையைப் பெரும்பாலும் ஷாட்டின் இளகிய மனசு வழியாகத்தான் பார்க்கிறோம். ஒரு பெண் எழுத்தாளர், ஆண் துப்பறிவாளரின் தோளில் கை போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். இதமாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே இதமாக இருக்கிறது. தவிர, இரண்டாம் நாவலைச் செய்ய வேண்டுமானால் முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வருடக் கணக்கு.

செரி ஜோன்ஸின் ‘ஹௌ தி ஒன்-ஆர்ம்ட் சிஸ்டர் ஸ்வீப்ஸ் ஹெர் ஹௌஸ்’ (2021) இதற்கு நேர் எதிர். பார்படோஸ், 1984, வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் பேக்ஸ்டர்ஸ் கடற்கரை. லாலா அங்கே பயணிகளுக்குத் தலை பின்னிவிட்டுப் பிழைக்கிறாள். பிரசவ வலி எடுத்த இரவில் கணவன் ஆடனைத் தேடிப்போகிறாள். அவன் ஒரு பங்களாவில் திருடப்போன இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. பணக்கார வெள்ளைக்காரர் ஒருவர் சாகிறார். கொன்றது யார் என்பது வாசகருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டு முந்நூறு பக்கம் உட்கார்ந்திருப்பதுதான் கடினம். சில நாட்களில் லாலாவின் கைக்குழந்தையும் சாகிறது, அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

பங்களாவில் விதவையான மிராவும் தீவிலேயே பிறந்தவள்தான், கல்யாணத்தால் வேலியின் அந்தப் பக்கம் போனவள். இந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது ஜோன்ஸின் சாமர்த்தியம். நாவலின் பெயரே ஒரு பாட்டி கதை: சொல்பேச்சுக் கேட்காத அக்கா, போகாதே என்ற சுரங்கத்துக்குள் போய் ஒரு கையை இழந்தாள். அந்தக் கதையைச் சொல்லும் பாட்டி வில்மா அடங்கியிரு என்கிறாள். அவளும் அவள் மகளும் அடங்கியிருந்ததற்கு என்ன கிடைத்தது என்பதை நாவல் ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போய்க் காட்டுகிறது. ஜோன்ஸ் தொழிலால் வழக்கறிஞர். அடி விழும் காட்சிகளில் கண்ணீரைக் கூட்டாமல், சாட்சி சொல்வதுபோல வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார்.

மொழிபெயர்க்கவும் இது கடினமல்ல. உரையாடலில்தான் பார்படோஸ் பேச்சு. கதைசொல்லல் பொது ஆங்கிலம். பதிப்பாளரிடம் காட்டினால் உடனே சரி என்பார், 2021இல் பெண்கள் புனைவுப் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்த நூல் என்று பின்னட்டையில் போட்டுக்கொள்ளலாம். என் தயக்கம் வேறு. அடி வாங்கும் மனைவியின் கதை தமிழில் நமக்கு ரொம்பப் பழக்கம். ‘பாவம்’ என்று ஒரு சொல் தயாராக வைத்திருக்கிறோம். லாலாவையும் அந்தச் சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளனாக நான் தடுக்க முடியாத விஷயம் அது. படிப்பதற்கு மட்டும் ஒரு நாவல் கேட்டால், தயங்காமல் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

இங்கிரிட் பெர்சாடின் ‘தி லாஸ்ட் லவ் சாங்ஸ் ஆஃப் பாய்சி சிங்’ (2024) நிஜக் குற்றவாளியைப் பற்றியது. பாய்சி சிங் டிரினிடாடின் இந்திய வம்சாவளி ரவுடி, சூதாட்ட விடுதிக்காரன், வெனிசுவேலாவுக்குப் படகில் கூட்டிப்போவதாகப் பணம் வாங்கி நடுக்கடலில் ஆட்களைத் தீர்த்துவிடுவான் என்று ஊர் நம்பியது. ஒரு நடனக்காரியைக் கொன்ற வழக்கில் 1957இல் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பற்றித் தீவில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பெர்சாட் செய்தது, அவனைப் பேசவிடாமல் அவனோடு மாட்டிக்கொண்ட நான்கு பெண்களைப் பேசவிட்டது: பாப்போ, மானா லாலா, டோரிஸ், ரோஸி. நால்வரும் ‘நான்’ என்று, டிரினிடாட் பேச்சு ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள்.

ரவுடிக்குப் பாட்டும் பட்டமும் கொடுக்கும் நம் ஊருக்கு இது நல்ல மருந்து. ஒரு வாரம் இதைத்தான் செய்வதென்று இருந்தேன். சோதனைக்காகப் பத்துப் பக்கம் செய்தும் பார்த்தேன். அங்கேதான் கால் இடறியது. நான்கு பெண்களுக்கும் நான்கு பேச்சுத் தமிழ் வேண்டும். உடலை விற்றுப் பிழைக்கும் பாப்போவுக்கு என் கை தானாகச் சென்னைத் தமிழை எழுதியது. வெளிர்நிறமும் கௌரவக் கனவும் உள்ள டோரிஸுக்கு ஒரு மாதிரி ‘சுத்தமான’ பேச்சு வந்தது. படித்துப் பார்த்தபோது கூசியது. டிரினிடாடில் அவர்களைப் பிரிப்பது நிறமும் இனமும் பணமும். தமிழில் பேச்சு வழக்கு என்றாலே ஊரோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வரும். நான் யாருக்கும் சாதி கொடுக்க நினைக்கவில்லை, என் மொழி கொடுத்துவிட்டது. இதற்கு வழி கண்டுபிடிப்பவர் என்னைவிடத் திறமைசாலியாக இருப்பார். அவர் இந்த நாவலைச் செய்யட்டும்.

ஆக மேசையில் இரண்டு.

மரீஸ் கோந்தே குவாதலூப் தீவில் பிறந்தவர், 2024 ஏப்ரலில் காலமானார். அவருடைய ‘த்ராவெர்ஸே த லா மாங்ரோவ்’ 1989இல் பிரெஞ்சில் வந்தது. தலைப்பைத் தமிழில் சொல்வதே சுகம்: ‘அலையாத்திக் காட்டைக் கடத்தல்’. ரிவியேர் ஓ செல் என்ற கிராமத்துப் பாதையில், பிரான்சிஸ் சாஞ்சே என்ற அந்நியன் சேற்றில் முகம் புதைந்து செத்துக் கிடக்கிறான். உடலைப் பார்ப்பது ஓய்வுபெற்ற ஆசிரியை லெயோகாதி. பிரேதப் பரிசோதனையில் காயம் எதுவும் இல்லை. இரவெல்லாம் ஊர் கூடிப் பிணத்துக்குக் காவல் இருக்கிறது, மழை பெய்கிறது, ஏறக்குறைய இருபது பேர் ஒவ்வொருவராக அவனை நினைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பெண்கள் அவனால் கருவுற்றவர்கள். ஒருத்தி மிரா. இன்னொருத்தி வில்மா ராம்சரண்.

ராம்சரண் வடக்கத்திப் பெயராக ஒலிக்கலாம். ஆனால் குவாதலூப்புக்கு 1854 கிறிஸ்துமஸ் வேளையில் வந்த முதல் கப்பலிலிருந்து, கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகப் போன தமிழர்கள். மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் உண்டு. அவர்களுடைய மசாலாப் பொடிக்குக் ‘கொலம்போ’ என்று பெயர். அது தீவு முழுக்க எல்லார் சமையலறையிலும் இருக்கிறது. நாவலில் வில்மாவின் குடும்பம் பணமும் நிலமும் சேர்த்த குடும்பம், ஆனாலும் ஊரில் முழுசாகச் சேராத குடும்பம். வில்மா தன் அத்தியாயத்தில், இந்தியாவில் இருந்த முப்பாட்டியைப் போல அவனுடைய சிதையில் ஏறிவிட ஆசைப்படுகிறாள். அவளுக்கு அந்த மொழி தெரியாது, நாடு தெரியாது. வம்சத்திடமிருந்து அவளுக்குக் கையில் கிடைத்த சடங்கு உடன்கட்டை ஒன்றுதான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வடிவத்தில் கோந்தே செய்த ஒன்று தமிழுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பெண்களின் அத்தியாயங்கள் ‘நான்’ என்று ஓடுகின்றன. ஆண்களை, ஒரு சிறுவனையும் காட்டில் திரியும் சாந்திப் என்பவனையும்போல ஓரிருவர் நீங்கலாக, வெளியிலிருந்து ‘அவன்’ என்றே சொல்கிறார். ஊரில் வாய் திறக்காத பெண்கள் மனதுக்குள் தன்மையில் பேச, சத்தமாகப் பேசும் ஆண்கள் படர்க்கையில் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழில் வந்தேன், போனேன் என்பதில் பால் கிடையாது. பெண்கள் பால் அடையாளமின்றிப் பேசுவார்கள். ஆண்களுக்கு மட்டும் வரிக்கு வரி ஆண்பால் விகுதி அறையும். நானாக யோசித்தாலும் இப்படி ஓர் ஏற்பாடு கிடைத்திருக்காது.

அப்படியானால் இதுதானே? இல்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கோந்தேயின் கணவர் ரிச்சர்ட் ஃபில்காக்ஸ் செய்த ஆங்கில வடிவம் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் அதிலிருந்து செய்தால் ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கும் ஆட்கள் புதுச்சேரியில் இருக்கும்போது நான் குறுக்கே விழக் கூடாது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நான் செய்துகொடுப்பதாகச் சொன்னது குற்றப்புனைவு வரிசைக்கு. இதில் கொலையாளி இல்லை. இந்த இடத்தில் வெகு காலத்துக்கு முன்பு ஒரு குற்றம் நடந்தது என்று சாந்திப் மட்டும் கடைசியில் சொல்கிறான். அடிமைக் காலத்தைத்தான் சொல்கிறான். நாவலின் ஆழமான இடம் அதுதான் என்றாலும், பதிப்பாளர் ‘அப்ப யார் சார் கொன்னது?’ என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஷானி மூட்டூவின் ‘சீரியஸ் ப்ளூம்ஸ் அட் நைட்’ (1996) நாவலில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. மூட்டூ டப்ளினில் பிறந்து டிரினிடாடில் வளர்ந்து கனடாவுக்குப் போனவர். நாவல் நடப்பது லான்டனகமாரா என்ற கற்பனைத் தீவின் பாரடைஸ் என்ற ஊரில், ஆனால் டிரினிடாடின் சாயல் மறைக்கப்படவில்லை. மாலா ராம்சந்தின் என்ற கிழவியைக் கொலைக் குற்றச்சாட்டில் பிடிக்கிறார்கள். வீட்டில் பிணம் இருந்ததைப் போலீஸ் பார்த்தது. ஆனால் வீடு எரிந்துபோகிறது, சாட்சியமும் சேர்ந்து எரிகிறது. நீதிமன்றம் அவளை ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்புகிறது. அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆண் நர்ஸ் டைலர்தான் கதைசொல்லி. துண்டு துண்டாக அவள் முணுமுணுப்பதைச் சேர்த்து, என்றோ தொலைந்த அவளுடைய தங்கை ஆஷாவின் கண்ணில் படட்டும் என்று எழுதுகிறான்.

வீட்டுக்குள் நடந்தது கொடுமை. அப்பா சந்தின், கூலிகளாக வந்த இந்தியர்களின் மகன். மிஷனரி ஒருவரின் வீட்டில் மதம் மாற்றி வளர்க்கப்பட்டவர். வளர்த்தவரின் மகள் லவினியாவையே விரும்பினார். கிடைக்கவில்லை. சாராவைக் கட்டிக்கொண்டார். பிறகு சாராவும் லவினியாவும் ஒருவரையொருவர் காதலித்து ஊரைவிட்டே போனார்கள், இரண்டு பெண்குழந்தைகளையும் விட்டுவிட்டு. அதன்பின் அந்த வீட்டில் அப்பா மகள்களுக்குச் செய்ததை மூட்டூ கண்ணைத் திருப்பாமல் எழுதுகிறார். எனவே துப்பறிய வேண்டியது கொலையை அல்ல என்று வாசகருக்கு வெகு சீக்கிரம் புரிந்துவிடும். ஊருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்தது. இதைப் போலீஸ்காரர் கண்டுபிடிக்க முடியாது. ஊர் எதைப் பார்த்துக் கிசுகிசுக்குமோ, அதே பார்வையைத் தன் உடம்பில் வாங்கிப் பழகிய டைலர்தான் கேட்டு எழுத முடியும். அவன் நடையும் கையசைவும் பெண்மை கலந்தவை. மற்ற நர்சுகள் சிரிக்கிறார்கள். ஒருநாள் மாலா கொடியில் காய்ந்த நர்ஸ் சீருடையைத் திருடிவந்து அவனிடம் கொடுக்கிறாள். அவன் போட்டுக்கொள்கிறான். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் படித்த குற்றக்கதைகளில் துப்பறிபவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவில் நடக்கும் மிக அழகான பரிமாற்றம் இது.

தலைப்பு மட்டும் கொஞ்சம் மாட்டியிருக்கிறது. இரவில் பூக்கும் அந்தக் கள்ளியை நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்கிறார்கள், சிலர் நிஷாகந்தி. பிரம்மாவைக் கூப்பிட்டால் பக்திப் புத்தகம் ஆகிவிடும். நிஷாகந்தி பரவாயில்லை.

டைலரை மொழிபெயர்ப்பதும் சிக்கலில்லை. ‘நான்’ என்பதன் நிழலில் அவன் எந்தப் பக்கமும் நிற்கலாம். உண்மையான சோதனை ஓட்டோ என்ற பாத்திரம்தான். மாலாவின் பழைய காதலன் அம்ப்ரோஸின் பிள்ளை. பிறந்தபோது அம்ப்ரோசியா என்ற பெண்குழந்தை. பெற்றோர் தங்கள் சண்டையில் மூழ்கியிருக்க, குழந்தை மெல்ல ஆணாகவே வளர்ந்துவிடுகிறது. பிரசவம் பார்த்தவர்களே பிற்பாடு பார்த்து, தாங்கள்தான் தவறாகச் சொல்லிவிட்டோம்போல என்று நினைக்கும் அளவுக்கு. ஓட்டோ என்ற பெயரும் ஒரு விளையாட்டு: ‘ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, இன்னொரு பக்கம் பார்த்தால் அப்படி’ என்று எதிலும் முடிவெடுக்காமல் இழுப்பவன் என்பதால், ‘ஆன் தி ஒன் ஹேண்ட்’ என்ற அந்த ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. அந்த மாற்றத்தைச் சொல்லும் பத்தியில் மூட்டூ எந்த அறிவிப்பும் இல்லாமல், சில வரிகளுக்குள் பெண்பால் சுட்டிலிருந்து ஆண்பால் சுட்டுக்கு நகர்ந்துவிடுகிறார்.

இங்கே தமிழ் எனக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தது. குழந்தை என்றால் நமக்கு அஃறிணை விகுதி: குழந்தை ஓடியது, சிரித்தது. அம்ப்ரோசியாவைக் ‘குழந்தை’ என்றே நடத்தி, வளர்ந்ததும் ‘அவன்’ என்று தொடங்கிவிட்டால் ‘அவள்’ என்ற சொல்லே தேவைப்படாது. எவ்வளவு வழவழப்பு! இரண்டு நாள் இதில் மகிழ்ந்திருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது, இதுவும் அந்த ‘உருவம்’ வித்தைதான். மூட்டூ ஒளிக்காததை நான் ஒளிக்கிறேன். ‘திருநம்பி’ என்று போட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். 2022இல் தமிழ்நாடு அரசு இந்தச் சொற்களுக்கென ஒரு சொல்லடைவையே அரசிதழில் வெளியிட்டது, நல்ல காரியம். ஆனால் பாரடைஸ் ஊரில் அப்படி ஒரு சொல் இல்லை. சொல் இல்லாத ஊரில் ஒரு பிள்ளை யாரையும் கேட்காமல் ஆணாகிறான் என்பதுதான் அந்தப் பத்தியின் வலு.

மூட்டூவைத்தான் எடுக்கிறேன். கோந்தேயைப் புதுச்சேரிக்காரர் யாராவது எடுத்தால் முதல் பிரதி எனக்கு.

ஓட்டோவின் பத்தியை மட்டும் முதலில் செய்து பார்த்துவிட்டேன். ஒரு வாக்கியத்தில் ‘அவள்’ இருக்கிறாள், அடுத்ததில் ‘அவன்’ நிற்கிறான், நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதான். பிழை திருத்துபவர் கண்டிப்பாகச் சிவப்பு மையில் சுழிப்பார். கையெழுத்துப் பிரதியோடு அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும்: பக்கம் இன்னது, பத்தி இன்னது, தொடாதீர்கள்.